குடவோலை ஊரில் ராசி பார்க்கலாம் வாங்க... உத்திரமேரூர் ஏரிக்கரையில் ஒரு சிவராத்திரி!

"உங்க ராசி என்ன?" என்று கேட்டால் பதில் தெரியாதவர்கள் நம்மூரில் குறைவு. ராசி, நட்சத்திரம், பாதம், லக்னம் என்று நாலையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பவர்கள்கூட உண்டு. கோயிலில் அர்ச்சகர் கேட்பார், கல்யாணத் தரகர் கேட்பார், வார இதழைப் புரட்டும்போது நாமே நமக்குக் கேட்டுக்கொள்வோம். "சரி, அந்த ராசி வானத்துல எங்க இருக்கு? கையை நீட்டிக் காட்டுங்க" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும்.

சென்னையில் மொட்டைமாடிக்குப் போனாலும் காட்ட முடியாது என்பது வேறு விஷயம். நிலா, வெள்ளி, வியாழன், அதிர்ஷ்டம் இருந்தால் பத்துப் பதினைந்து நட்சத்திரங்கள். அவ்வளவுதான் நகரத்து வானம். ஆனால் சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தள்ளிப் போனால், பன்னிரண்டு ராசிகளில் பத்தை ஒரே இரவில் கண்ணால் எண்ணிவிடலாம். அந்த ஊர் உத்திரமேரூர்.

கல்வெட்டு ஊரில் ஏன் வானம்?

காஞ்சிபுரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது உத்திரமேரூர். இரண்டு பக்கமிருந்தும் பஸ் உண்டு. வழியெல்லாம் நெல் வயலும் ஏரியும்தான். ஊருக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது வைகுண்டப் பெருமாள் கோயிலை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. 30 குடும்புகள், ஓலையில் பெயர், குடத்துக்குள் ஒரு சிறுவன் கைவிட்டு எடுப்பது, கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் தடை... இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்ததுதான்.

பாடத்தில் பலர் தாண்டிப் போகும் ஒரு வரி உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், மீதி 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். ஆண்டுக்கு ஒரு வாரியம், ஏரிக்கு ஒரு வாரியம்! காலத்தையும் தண்ணீரையும் கணக்குப் பார்த்தே பிழைத்த ஊர் இது. அந்த நாளில் 'வைரமேக தடாகம்' என்று கல்வெட்டுகள் குறிப்பிட்ட பெரிய ஏரி ஊருக்கு உண்டு. இன்றும் உத்திரமேரூரின் ஏரி பெரியதுதான்.

வானம் பார்க்க வருகிறவர்களுக்கு வேண்டியது அந்த மாதிரி ஓர் ஏரிக்கரைதான். கட்டடம் மறைக்காது, மரம் மறைக்காது. அடிவானத்திலிருந்து அடிவானம் வரை வானம் ஒரே கவிழ்த்த கூடை.

உத்திரமா, உத்தரமா?

ஊர்ப் பெயரைக் கேட்டதும் பலருக்கும் பங்குனி உத்திரம் ஞாபகம் வரும். உத்திர நட்சத்திரத்துக்கும் இந்த ஊருக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாக நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. பெயர்க் காரணம் வேறு. கல்வெட்டுகளில் இந்த ஊர் 'உத்தரமேரு சதுர்வேதிமங்கலம்'. உத்தரம் என்றால் வடக்கு. உத்தரமேரு, வடக்கே இருக்கும் மேரு மலை.

இதிலும் ஒரு வானக் கதை இருக்கிறது. பழைய வானியல் நூல்கள் மேருவைப் பூமியின் வட துருவத்தில் வைத்துப் பேசுகின்றன. அங்கே நிற்பவருக்குத் துருவ நட்சத்திரம் உச்சந்தலைக்கு நேர் மேலே. பகல் ஆறு மாதம், இரவு ஆறு மாதம். ஆக, வானம் எந்தப் புள்ளியைச் சுற்றுகிறதோ அந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும் மலையின் பெயரைத்தான் இந்த ஊருக்கு வைத்திருக்கிறார்கள்.

நிஜ உத்திரமேரூரில் துருவன் எங்கே நிற்கிறான்? கணக்கு எளிது. ஓர் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து எத்தனை டிகிரி வடக்கே இருக்கிறதோ, துருவ நட்சத்திரமும் அங்கே வடக்கு அடிவானத்திலிருந்து கிட்டத்தட்ட அத்தனை டிகிரி உயரத்தில் நிற்கும். ஸ்ரீநகரில் 34 டிகிரி. கன்னியாகுமரியில் 8. உத்திரமேரூரில் சுமார் 12.6. கையை முழுசாக முன்னால் நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்தின் மேல் ஒரு முஷ்டி, அதற்கு மேல் இரண்டு விரல். அங்கே தனியாக, ரொம்பப் பிரகாசமில்லாமல் ஒன்று மினுங்கும். அதுதான்.

குடவோலை எடுத்த காலத்து மக்களுக்கு இதே நட்சத்திரம் இப்படி அசையாமல் நின்றிருக்காது என்பது கூடுதல் தகவல். பூமியின் அச்சு மெதுவாகத் தலையாட்டுவதால் துருவப் புள்ளி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 921-ல் அந்த நட்சத்திரம் துருவத்திலிருந்து 6 டிகிரிக்கு மேல் விலகி, ராத்திரி முழுக்க ஒரு சின்ன வட்டம் அடித்துக்கொண்டிருந்தது.

விழித்திருக்க ஒரு ராத்திரி

எந்த நாளில் போகலாம்? அமாவாசையை ஒட்டிய எந்த நாளும் சரி. மழைக்காலம் மட்டும் வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டில் ராத்திரி முழுக்க விழித்திருக்க வீட்டிலேயே அனுமதி கிடைக்கும் நாள் ஒன்று உண்டு: மகா சிவராத்திரி. மாசித் தேய்பிறைச் சதுர்த்தசி என்பதால் நிலா விடியும் நேரம் வரை தலைகாட்டாது. பனி குறைந்திருக்கும், வெயில் ஆரம்பித்திருக்காது. கண் விழிக்கச் சொன்ன இரவும், நட்சத்திரம் பார்க்க ஏற்ற இரவும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. நான்கு கால பூஜைக்கு நடுவில் டி.வி. பார்ப்பதற்குப் பதில் கொஞ்சம் மேலே பார்க்கலாம்.

சில ஏற்பாடுகள் தேவை. கரையில் பாம்பு, பூச்சி இருக்கும். தனியாகப் போகக்கூடாது. ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் உட்காருவது நல்லது. ஒரு ஜமக்காளம், கொசு மருந்து, ஃபிளாஸ்கில் டீ. டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போனைத் திறந்து ஸ்டேட்டஸ் பார்த்தால், மறுபடி முதலிலிருந்து.

ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு வரை

பிப்ரவரி கடைசி வாரம், இரவு 7 மணி என்று வைத்துக்கொள்வோம். அண்ணாந்து பார்த்தால் கிட்டத்தட்ட உச்சியிலேயே ஒரு சிவந்த நட்சத்திரம். ரோகிணி. ரிஷபத்தின் கண். அதற்கு மேற்கே சின்னஞ்சிறு கொத்தாகக் கார்த்திகை. சங்கப் பாட்டுகளின் 'அறுமீன்'. முருகனை வளர்த்த ஆறு பெண்களும் அங்கேதான் இருக்கிறார்கள். நல்ல கண்ணுக்கு ஆறு தெரியும், சிலருக்கு ஏழு.

ரோகிணிக்குத் தென்கிழக்கே வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். யாருக்கும் தவறாது. அந்த மூன்றும் மேல்நாட்டார் ஓரியன் என்று பெயர் வைத்த வேட்டைக்காரனின் இடைவார். அவன் தலை இருக்கும் இடம் மிருகசீரிடம், தோளில் சிவப்பாக இருப்பது திருவாதிரை. சிவராத்திரிக்குச் சிவனின் நட்சத்திரம் ஏறக்குறைய தலைக்கு மேலேயே வந்து நிற்கிறது. அதற்குக் கிழக்கே அருகருகே இரண்டு. புனர்பூசம். அதுதான் மிதுன இரட்டையர். 'மிதுன ராசிக்காரர் இரட்டை மனசுக்காரர்' என்று சொல்பவர்கள், நிஜமாகவே ஜோடியாக நிற்கும் அந்த இரண்டையும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

அதே நேரம் மேற்கே மேஷம் இறங்கிக்கொண்டிருக்கும். 10 மணிக்கெல்லாம் அதன் முக்கிய நட்சத்திரம் மறைந்துவிடும். மேஷ ராசிக்காரர்கள் முதலில் பார்த்துவிட வேண்டியது அவசியம். கடகம் பாவம், மங்கலான ராசி. பூசம் இருக்கும் இடத்தில் லேசாகப் பஞ்சு ஒட்டியது மாதிரி ஒரு திட்டு தெரிந்தால், உங்கள் கண்ணுக்கும் உத்திரமேரூர் வானத்துக்கும் நூற்றுக்கு நூறு.

கிழக்கே சிம்மம். அரிவாள் மாதிரி வளைந்த ஒரு கூட்டம், அதன் கைப்பிடியில் மகம். ஏழரை மணிக்கு முன்பே சிங்கத்தின் வால் நுனியும் அடிவானத்தைத் தாண்டிவிடும். அந்த வால் நுனிதான் உத்திரம்.

அடுத்த மாதம், பங்குனிப் பௌர்ணமியன்று நிலா வந்து நிற்பது இந்த உத்திரத்துக்குப் பக்கத்தில். பங்குனி உத்திரம் என்ற பெயருக்கு இதுதான் பொருள். மாசி மகம், சித்திரையில் சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம், தைப்பூசம் எல்லாமே இந்தக் கணக்குதான். முழு நிலா எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறதோ அது விழாவின் பெயர். காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் திருக்கல்யாணம் பங்குனி உத்திரத்தில். காஞ்சியை அடுத்த ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணற்றின் படிகளில் வரதராஜப் பெருமாள் இறங்கி எழுந்தருள்வது சித்திரா பௌர்ணமியில். இந்த மாவட்டத்து விழாக் காலண்டரே ஒரு நட்சத்திர வரைபடம்தான்.

9 மணி தாண்டிக் கன்னி ராசியின் சித்திரை எழும். வெண்ணிறமாக, கண்ணைப் பறிக்கும். 11 மணிக்குள் துலாத்தின் விசாகம். அதற்குள் விஷயம் பிடிபட்டுவிடும்: ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ராசி கிழக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது. அப்படி எந்த நேரத்தில் எந்த ராசி கிழக்கு அடிவானத்தில் ஏறுகிறதோ, அந்த நேரத்தில் பிறக்கும் குழந்தைக்கு அதுதான் லக்னம். ஜாதகக் கட்டத்தில் 'ல' என்று எழுதி ஒரு குறுக்குக் கோடு போடுவார்களே, அது இதுதான். நிலா அப்போது எந்த ராசியில் நிற்கிறதோ அது ஜென்ம ராசி. புரோகிதரிடம் கேட்டால் சொல்லியிருப்பார். நாம் கேட்டதில்லை.

அருந்ததியைப் பார்க்காத கல்யாணங்கள்

வடக்கே திரும்பினால் 9 மணிக்குச் சப்தரிஷி மண்டலம் செங்குத்தாக எழுந்து நிற்கும். சங்க காலத்தில் 'எழுமீன்'. அதன் வால் பகுதியில் கடைசிக்கு முந்தைய நட்சத்திரம் வசிஷ்டர். 11 மணி வாக்கில் நன்றாக மேலே வந்துவிடும். அதை ஒட்டி, ஊசிமுனை மாதிரி இன்னொன்று தெரிகிறதா? அருந்ததி. பழைய தமிழில் 'வடமீன்'.

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள். அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு அம்மி மிதித்து, வெளியே வந்து, பட்டப்பகல் பத்தரை மணி வெயிலில் கையைப் புருவத்தின் மேல் வைத்து, புரோகிதர் காட்டும் திசையில் அருந்ததியைப் 'பார்த்து'த் தலையாட்டுகிறார்கள். மாப்பிள்ளையும் பார்ப்பதில்லை, பெண்ணும் பார்ப்பதில்லை. போட்டோகிராபர் மட்டும் படம் எடுத்துவிடுகிறார். கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவர்கள்கூட உத்திரமேரூர்க் கரையில் அதை முதல்முறையாகப் பார்க்க வாய்ப்பிருக்கிறது. தம்பதியாகவே போவது நல்லது.

அருந்ததியும் வசிஷ்டரும் நம்மிடமிருந்து 80 ஒளியாண்டுகளுக்கும் மேல் தொலைவில். இன்று ராத்திரி தெரியும் வெளிச்சம் நம் தாத்தா பாட்டி காலத்தில் கிளம்பியது.

எந்தப் பஞ்சாங்கம் சரி?

நள்ளிரவுக்குப் பிறகு ஏரிக்கரையில் கொஞ்சம் ஓய்வு. விருச்சிகம் முழுதாக எழ நேரமிருக்கிறது. டீ குடிக்கும் இந்த இடைவெளியில் எல்லாக் குடும்பத்திலும் வரும் சண்டையைப் பேசிவிடலாம்.

2023-ல் சனிப்பெயர்ச்சி இரண்டு முறை நடந்தது. திருக்கணிதப்படி ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி, திருநள்ளாறில் விழா நடந்தது டிசம்பர் 20. அடுத்ததும் அப்படித்தான்: திருக்கணிதத்துக்கு 2025 மார்ச் 29, வாக்கியத்துக்கு 2026. ஏழரைச் சனி முடிந்துவிட்டதென்று ஒருவர் மொட்டை போட்டு வந்தபின், "இன்னும் பதினொரு மாசம் இருக்கு" என்று இன்னொருவர் சொன்னால் மனசு என்ன பாடுபடும்?

வாக்கியம் என்பது ஒரு பிரமாதமான மனப்பாடக் கலை. நிலாவின் ஓட்டத்துக்கு 248 நாள் சுழற்சி ஒன்றைப் பிடித்து, ஒவ்வொரு நாளின் எண்ணையும் எழுத்துகளில் மறைத்து 248 வாக்கியங்களாக்கினார்கள். 'வாக்கியகரணம்' என்ற நூல் 1300-ஐ ஒட்டித் தமிழகத்தில் எழுதப்பட்டது. டி.எஸ்.குப்பண்ண சாஸ்திரியும் கே.வி.சர்மாவும் பதிப்பித்து 1962-ல் சென்னையில் வெளியானது. இந்த முறையின் வலு என்ன என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஜான் வாரன் என்ற அதிகாரி புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரை உட்காரவைத்து, 1825 மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிடச் சொன்னார். அவர் தாளைத் தொடவில்லை. தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடத்திலிருந்தே போட்டார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம்தான் வித்தியாசம். நடுநேரத்தில் 23 நிமிடம், முடிவில் 52.

அந்த 4 நிமிடத்தைச் சொல்லிப் பெருமைப்படலாம். 52 நிமிடத்தையும் மறைக்கக் கூடாது. நூற்றாண்டுகளாகத் திருத்தாத கணக்கு மெல்ல மெல்ல வானத்தை விட்டு விலகும். 2023-ன் இரண்டு பெயர்ச்சித் தேதிகளுக்கும் இடையில் சனி வானத்தில் நகர்ந்தது சுமார் 8 டிகிரி. ஏரிக்கரையில் நின்று அளந்தால் ஒரு முஷ்டிக்குச் சற்றுக் குறைவு.

திருக்கணிதம் என்பதில் இருக்கும் 'திரு'வைப் பலரும் திருப்பதி, திருத்தணி மாதிரி மரியாதைச் சொல்லாக நினைக்கிறார்கள். அது 'த்ருக்', அதாவது பார்வை. கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும் கணிதம். இதற்காக மல்லுக்கட்டியவர்களில் முக்கியமானவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் குடும்பத்திலிருந்து வந்து சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-ல் சூரியனின் முகத்தின் குறுக்கே வெள்ளி கடந்தபோது, பொதுமக்களுக்குப் புரிய வேண்டுமென்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் சிறு நூல் கொண்டுவந்தார். பஞ்சாங்கத்தைத் தொலைநோக்கியோடு சரிபார்த்துத் திருத்த வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். 1880-ல் காலமானார். வாதம் இன்னும் ஓயவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952-ல் மேகநாத சாகா தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இதை ஆராய்ந்தது. ராசிச் சக்கரத்தின் தொடக்கத்தை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு நட்சத்திரம் அடையாளமானது. சித்திரைக்கு நேர் எதிரே மேஷத்தின் தொடக்கம். இரவு 9 மணிக்கு மேல் எழுந்ததே வெண்ணிறச் சித்திரை, அதேதான். இப்போது கரையில் உட்கார்ந்தபடியே அதைப் பார்க்கலாம். கன்னி முடிந்து துலாம் தொடங்கும் எல்லை அங்கேதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வானத்தில் யாரும் சுண்ணாம்புக் கோடு போட்டு வைக்கவில்லை. தேளும் சிங்கமும் கண்ணுக்குத் தெரியும், ஆளுக்கு 30 டிகிரி என்று பங்கு பிரித்தது மனிதர்கள். சர்வதேச வானியலாளர்கள் 1930-ல் வெளியிட்ட எல்லைகளின்படி பார்த்தால், சூரியன் விருச்சிகத்தில் இருப்பது நவம்பர் கடைசியில் ஒரு வாரம் மட்டும். பிறகு பாம்பைப் பிடித்த ஒருவர் உருவத்துக்குள் டிசம்பர் நடுவரை போய்விடுகிறது. பன்னிரண்டில் சேராத பதின்மூன்றாவது ஆள்! இன்னொரு பக்கம், மேல்நாட்டு ஜோசியப்படி 'ஏரீஸ்' தொடங்கும் மார்ச் 21-ல் நிஜச் சூரியன் மீனத்தில் இருக்கிறது. நம் சித்திரை ஒன்றாம் தேதியோ, சூரியன் மேஷ நட்சத்திரக் கூட்டத்தை நெருங்கும் நாட்களிலேயே வருகிறது. இந்த விஷயத்தில் நம் காலண்டர் வானத்தை அதிகம் விட்டுவிடவில்லை.

ஆடு தலையாக ராசிகள் வரிசையாக வருவது சங்க காலத்திலேயே தெரிந்த சங்கதி. பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு மேல் விதானத்தில் ராசிகளையும், ரோகிணியைப் பிரியாத நிலவையும் தீட்டியிருந்ததாக 'நெடுநல்வாடை' சொல்கிறது. அரசிக்குத் துணியில் கிடைத்தது, ஏரிக்கரைக்கு வந்தால் அசலாகவே கிடைக்கிறது.

இரண்டு மணிக்குத் திரும்பிப் பாருங்கள்

நள்ளிரவு தாண்டிக் கேட்டை சிவப்பாக எழும். 2 மணி வாக்கில் விருச்சிகத்தின் கொடுக்கு, அதாவது மூலமும் மேலே வந்துவிடும். எல்லா ராசிகளிலும் பெயருக்கு ஏற்ற உருவம் இதற்குத்தான். குழந்தைகள்கூடக் கேட்காமலே 'தேள்' என்பார்கள். 'பெண் மூலம்' என்று சொல்லிக் கல்யாணத்தைத் தட்டிக்கழித்தவர்களுக்கு, அது எவ்வளவு அழகான வளைவு என்பது தெரிந்திருக்காது.

அதே 2 மணிக்கு நேர் தெற்கே பார்த்தால், அடிவானத்துக்கு மேல் ஒன்றரை முஷ்டி உயரத்தில் சிலுவை மாதிரி நான்கு நட்சத்திரங்கள். தெற்குச் சிலுவை. ஆஸ்திரேலியக் கொடியில் இருப்பது. அப்படியே உடம்பைத் திருப்பினால் வடக்கே துருவன். இரண்டையும் ஒரே கரையில் நின்று பார்க்க முடிகிற பாக்கியம் காஷ்மீர்க்காரர்களுக்கும் இல்லை, மெல்போர்ன்காரர்களுக்கும் இல்லை. அங்கே சிலுவை தெரியாது, இங்கே துருவன் தெரியாது.

இந்த அட்சரேகையின் அருமை வானியலாளர்களுக்கு முன்பே தெரியும். உத்திரமேரூரிலிருந்து கிட்டத்தட்ட நேர் மேற்கே, ஏறக்குறைய அதே 12.6 டிகிரியில், ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் அங்கே திறக்கப்பட்டது. 1988-ல் அங்கிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு 'ராமானுஜன்' என்று பெயர். வடக்கு வானமும் தெற்கு வானமும் கிடைக்கும், இருட்டும் கிடைக்கும் என்றுதான் மலைக்குப் போனார்கள்.

உத்திரமேரூருக்கு மலை இல்லை. வடக்கே காஞ்சிபுரம், வடகிழக்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகள், அதற்கும் அப்பால் சென்னை. இரவில் அந்தப் பக்கத்து அடிவானம் வெளுத்துப்போகிறது. தெற்குச் சிலுவைக்கு ஆபத்து குறைவு, தெற்கே வயல்கள்தான் அதிகம். வெளிச்சம் ஏறுவது வடக்கில். அங்கேதான் 12.6 டிகிரியில், தாழ்வாக, ஏற்கெனவே மங்கலான துருவன் நிற்கிறான். மேருவின் பெயர் வைத்த ஊரில் முதலில் மறையக்கூடியது மேருவின் நட்சத்திரம்.

தெருவிளக்கு வேண்டாமென்று யாரும் சொல்ல முடியாது. வயலுக்குப் போகிறவர்களுக்கும் கடைசி பஸ்ஸில் இறங்கும் பெண்களுக்கும் வெளிச்சம் வேண்டும். விளக்கின் தலையில் ஒரு மூடி இருந்தால் வெளிச்சம் தரையில் விழும், இல்லையென்றால் பாதி வானத்துக்குப் போகும். செலவு என்று பார்த்தால் ஒரு தகர மூடி. லடாக்கில் ஹான்லே பகுதியை 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே வீடுகளின் ஜன்னல் திரை வரைக்கும் யோசிக்கிறார்கள். ஏரிக்குத் தனியாக வாரியம் வைத்த ஊருக்கு இது பெரிய காரியமா என்ன?

விடியற்காலை

3 மணி கடந்தால் தனுசு. 4 மணி தாண்டினால் மகரம், மங்கலாக. மேஷத்தில் ஆரம்பித்த எண்ணிக்கை பத்தாகிவிட்டது. மீதி இரண்டைக் கேட்காதீர்கள். மாசி மாதம் சூரியன் கும்பத்தில் இருப்பதால் அது வெளிச்சத்துக்குள் போய்விட்டது. மீனம் நேற்று மாலை சூரியனின் பின்னாலேயே இறங்கியாயிற்று. கும்ப, மீன ராசிக்காரர்கள் ஐப்பசி வாக்கில், மழை விட்ட ஒரு ராத்திரியில் வர வேண்டும்.

ஐந்தரை மணிக்குக் கிழக்கு லேசாக வெளுக்கும். கொக்குகள் கிளம்பும். பால் கேனோடு டி.வி.எஸ் வண்டிகள் கரை ரோட்டில் போகும். அப்போது கிழக்கே ஒரு நேர்க்கோட்டில் மூன்று நட்சத்திரங்கள், நடுவில் இருப்பது மட்டும் பளிச்சென்று. திருவோணம். அதற்கும் கீழே, அடிவானத்தை ஒட்டி, நகக்கீறல் அளவுக்கு நிலா. வீட்டுக்குப் போய் நாள்காட்டியில் அன்றைய தாளைப் பாருங்கள். ஆண்டைப் பொறுத்து திருவோணம் என்றோ அவிட்டம் என்றோ போட்டிருக்கும்.